மணியடித்தவர் மகள் பேசுகிறேன்

நடுவர் ஐயாவுக்கு வணக்கம். அவைக்கு வணக்கம். எதிரணிக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வணக்கம், தோற்கப் போகிறவர்கள் அல்லவா. ஏழு நிமிடம் கொடுத்திருக்கிறீர்கள், அதில் வணக்கத்துக்கே ஒரு நிமிடம் போயிற்று.

துப்பு துலக்குவதில் கெட்டிக்காரர் காக்கிச் சட்டையா, ஐயரம்மாவா? நான் ஐயரம்மா கட்சி. இன்றைக்கு இங்கே வர காட்பாடியில் ஆட்டோ ஏறினேன். "இன்னா மேடம், பையில புக்கு?" என்றார் டிரைவர். மினிஸ்டர் பொண்டாட்டி துப்பறியிற கதை என்றேன். அவர் வண்டியையே ஓரம் கட்டிவிட்டார். "அவங்க வூட்டுக்குத்தானேம்மா ரெய்டு வரும்? அவங்க ஏன் துப்பறியணும்?" அந்த மினிஸ்டர் இல்லை அப்பா, சர்ச் போதகர், நம்ம ஊரில் ஐயர் என்போமே அவர் என்றேன். "ஐயரா? எந்த அக்ரகாரம்?" என்றார். இறங்கும்வரை விளக்கினேன். அவருக்கும் புரியவில்லை, மீட்டருக்கும் புரியவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். நம் வாசகர் வட்டத்தில் படித்த துப்பறியும் நாவல் வரிசை கேத்தரின் ஹால் பேஜ் எழுதியது. 1990-இல் முதல் நாவல் வந்தது, முதல் நாவலுக்கான அகதா விருதும் வாங்கியது. நாயகி ஃபெயித் ஃபேர்சைல்ட், நியூயார்க்கில் கேட்டரிங் தொழில் செய்தவள். அப்பாவே போதகர் என்பதால் போதகரைக் கட்டவே மாட்டேன் என்று இருந்தவள், கடைசியில் ஒரு போதகரையே கட்டிக்கொண்டு மாசசூசெட்ஸில் ஏல்ஃபோர்ட் என்கிற சின்ன ஊருக்குக் குடி போகிறாள். ஏல்ஃபோர்டை வரைபடத்தில் தேடாதீர்கள், அது கற்பனை ஊர். இந்த வகைக் கதைக்குக் கோஸி என்று பேர். கொலை உண்டு, ஆனால் ரத்தம் நம் கையில் ஒட்டாது. ஊரில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். துப்பறிகிறவருக்குச் சம்பளம் கிடையாது, பஞ்சப்படி கிடையாது, வீட்டில் அடுப்பில் பால் வேறு பொங்கிக்கொண்டிருக்கும்.

முதல் நாவலில் ஃபெயித் கைக்குழந்தையோடு உலாவப் போகிறாள். பழைய மணிக்கூண்டில் ஒரு பெண்ணின் பிணம். பார்த்ததும் மணியை இழுத்து அடிக்கிறாள். இந்த இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் எதிரணி அண்ணன் சிரித்தார்: "பிணத்தைப் பார்த்தா 100-க்குப் போன் போடணும். மணியடிக்கிறது என்ன, கோயில் பூசையா?" நீங்களும் கை தட்டினீர்கள். தட்டிய கைகளைப் பார்த்து வைத்திருக்கிறேன்.

அண்ணே, 100 நம்ம ஊர் நம்பர். அவர்கள் ஊரில் 911. 1990-இல் மணிக்கூண்டில் எந்தப் போன் இருந்தது? கூடவே கைக்குழந்தை, காலடியில் பிணம், தலைக்கு மேல் மணி. நீங்களாக இருந்தால் ஓடியிருப்பீர்கள். அவள் கயிற்றை இழுத்தாள். கதையிலும் ஊரார் அதையே கேட்கிறார்கள், "அந்த மணியை ஏன் அடிச்சே?" செத்தவளைவிட மணிக்குத்தான் விசாரணை அதிகம். ஏல்ஃபோர்டிலும் ஆட்கள் குடியாத்தம் மாதிரியே இருக்கிறார்கள் என்று அந்தப் பக்கத்தில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

அண்ணன் நிறுத்தினாரா? இல்லை. "ராஜா இல்லாத கோட்டை, தண்ணி இல்லாத ஆறு, போலீஸ் இல்லாத துப்பா?" என்று நம்ம வேலூர்ப் பழமொழிக்கே வால் ஒட்டினார். கோட்டையைப் பற்றிப் பேசலாமா அண்ணே? 1995-இல் அதே கோட்டைக்குள், திப்பு மகாலில் காவலில் இருந்த 43 பேர் சுரங்கம் தோண்டித் தப்பினார்கள். நாற்பத்து மூன்று பேர்! ஒரு ஆள் தோட்டத்தில் வாழைக்குக் குழி எடுத்தாலே மண் மேடு தட்டும். இத்தனை பேர் போகிற சுரங்கத்து மண் எங்கே போயிற்று என்று காவலுக்கு நின்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. அதே கோட்டைக்குள் 1846-இல் கட்டின புனித யோவான் ஆலயம் இருக்கிறது. ஒரு ஐயரம்மா வெள்ளிக்கிழமை ஜெபத்துக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்திருந்தால் போதும். "ஏம்ப்பா, குளிச்சிட்டுத்தானே வந்தே, நகத்துல இன்னா இவ்ளோ மண்ணு?" அவ்வளவுதான், சுரங்கம் அன்றைக்கே மூடியிருக்கும்.

தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

இன்னொன்று சொன்னார், அதுதான் எனக்குச் சுருக்கென்றது. "ஐயரம்மா துப்பறியவில்லை, வீடு வீடாய்ப் போய் வம்பு பேசுகிறாள். வம்புக்குத் துப்பு என்று பேரா?" இதற்கு வாதம் வைக்கப் போவதில்லை. ஒரு பிரியாணிக் கதை வைக்கிறேன்.

எங்கள் நைனா சர்ச்சில், நாங்கள் கோயில் என்போம், மணியடிப்பவர். குடியாத்தம் பக்கத்துக் கிராமம், நான் அப்போது ஆறாவது படிக்கிறேன். அறுப்பின் பண்டிகை. காலையில் ஆராதனை, பிறகு ஏலம். பத்து ரூபாய்ப் பூசணியை வீம்புக்கு நூறு ரூபாய்க்கு எடுப்பார்களே, அந்த ஏலம். அதற்கப்புறம் விருந்து. ஆம்பூரிலிருந்து பண்டாரி வந்து தேக்சாவை அடுப்பில் ஏற்றிவிட்டார். கோயில் பக்க அறையில் சீரகச் சம்பா மூட்டை, சாவி நைனாவிடம். பண்டாரி படியால் அளக்கிறார். ஒன்று, இரண்டு... இருபத்தொன்று. நிறுத்தினார். "இருபத்தஞ்சு படி சொன்னீங்கோ. நாலு படி கொறையுது."

பின்வரிசைக்குக் கேட்டதா? நாலு படி! சீரகச் சம்பா! பண்டிகை அன்றைக்கு! எங்கள் ஊரில் ஆள் காணாமல் போனால்கூட மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் தேடுவார்கள். பிரியாணி அரிசி என்றதும் ஊரே துப்பறிய ஆரம்பித்துவிட்டது. எலி என்றார் ஒருவர். எலி மூட்டையை அவிழ்த்து, நாலு படி அளந்து எடுத்து, திரும்பச் சணலால் கட்டியிருக்கிறது! எலிக்கு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலை கொடுத்திருக்கலாம், கணக்கு வாத்தியார் இடம் காலி.

ஏலத்துக்குக் காவலாக வந்த காக்கிச் சட்டை கேட்டது ஒரே கேள்வி. "சாவி யார்கிட்ட கீது?" நைனாவைக் கூட்டிப் போனார்கள். அடிக்கவில்லை, திட்டவில்லை, பொய் சொல்ல மாட்டேன். பதினொரு மணியிலிருந்து நாலு மணிவரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நைனா ஒன்றும் பேசவில்லை. ஐந்து மணி நேரமும் மணி பார்த்துக்கொண்டு இருந்தாராம். அன்றைக்கு மத்தியான மணி அடிக்க ஆள் இல்லை.

ஐயரம்மா என்ன செய்தார்? பந்தி பரிமாறினார். அவ்வளவுதான். ஆனால் ஐயரம்மா பரிமாறுவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஐயர் மேலே நின்று பிரசங்கம் பண்ணும்போதே யார் வரவில்லை என்று கணக்கெடுக்கிற கண் அது. நாங்கள் எல்லாரும் சாப்பிட வந்தவர்களைப் பார்த்தோம். அவர் வராதவர்களைப் பார்த்தார். தீப்பெட்டி ஒட்டுகிற ஒரு அக்கா, மூன்று பிள்ளைகள். எந்த விருந்துக்கும் முதல் பந்தியில் உட்காருகிற பிள்ளைகள். அன்றைக்கு மூன்றாவது பந்தி எழுந்தும் வரவில்லை.

டிபன் கேரியரை எடுத்துக்கொண்டு போனார். என்னையும் கூட்டிப் போனார். தெரு முனை திரும்பியதுமே வாசனை. ரேஷன் அரிசிக் கஞ்சிக்கு அந்த வாசனை வராது நடுவர் அவர்களே. சீரகச் சம்பாவை ஒளித்து வைக்கலாம், வேக வைத்து ஒளிக்க முடியாது. உள்ளே மூன்று பிள்ளைகளும் காய்ச்சலில் சுருண்டு கிடக்க, அந்த அக்கா தட்டில் கஞ்சியை ஊற்றி விசிறியால் ஆற்றிக்கொண்டிருந்தது. ஐயரம்மாவைப் பார்த்ததும் விசிறி நின்றுவிட்டது. குற்றவாளி கையும் களவுமாக. இப்போது காக்கிச் சட்டை என்ன கேட்கும்? ஐயரம்மா கேட்டது, "கஞ்சிக்கு உப்புப் போட்டியா?"

அண்ணே, இதுதான் நீங்கள் சொன்ன வம்பு.

திரும்பி வந்து கமிட்டியிடம், "நான்தான் அளவு தப்பாச் சொல்லிட்டேன். வாங்கினதே இருபத்தொரு படிதான்" என்றார். கடை ரசீதைப் பொருளாளர் கையிலிருந்து வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். நாலு மணிக்கு நைனா வந்துவிட்டார்.

மணி அடித்துவிட்டீர்கள் ஐயா. மணியடிக்கிறவர் மகளுக்கே மணியா? இன்னும் ஒரு நிமிடம்.

அடுத்த மே மாதம் ஐயருக்கு மாற்றல். லாரியில் பீரோ, கட்டில், தொட்டிச் செடி எல்லாம் ஏற்றியாயிற்று. நைனா கயிறு கட்டிக்கொண்டிருந்தார். ஐயரம்மா பக்கத்தில் வந்து, குரலை இறக்கிச் சொன்னார். "அண்ணே, அன்னிக்கு மணிக்கயித்துக்குக் கீழ நாலு சம்பா அரிசி கிடந்துது. துண்டுல முடிஞ்சு வெச்சுக்கினே காலையில மணி அடிச்சீங்களா? போலீஸ் வர்றதுக்குள்ள நான் பெருக்கிட்டேன்."

ஆமாம். சாவி வைத்திருந்தவர்தான் எடுத்தார். அந்த அக்கா முந்தின ராத்திரி வந்து நின்றபோது ஐயரும் அம்மாவும் ஊரில் இல்லை. கமிட்டியைக் கேட்டால் கூட்டம், கூட்டம் நடந்தால் தீர்மானம். நைனா மூட்டையை அவிழ்த்தார். ஒரு படியை ராத்திரியே கொடுத்துவிட்டு, மீதியை விடியற்காலை மணியடித்த கையோடு கொண்டுபோய்க் கொடுத்தார். ஸ்டேஷன் பெஞ்சில் ஐந்து மணி நேரம் வாய் திறக்காததும் அதனால்தான். காக்கிச் சட்டை பிடித்தது சரியான ஆளைத்தான். அண்ணே, குறித்துக்கொள்ளுங்கள், உங்களுக்கு ஒரு மதிப்பெண். எனக்கு இப்போது மதிப்பெண் வேண்டாம்.

நைனா பதிலே சொல்லவில்லை. முடிச்சை இறுக்கினார். லாரி கிளம்பியது. அது புளியமரத்துத் திருப்பம் தாண்டுவதற்குள் இவர் கோயிலுக்குள் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை, பதினொரு மணி, ஆராதனை இல்லை, சாவு இல்லை, கல்யாணம் இல்லை. கயிற்றைப் பிடித்து அடிக்கிறார், அடிக்கிறார், நிறுத்தவே இல்லை. வயலில் இருந்தவர்களெல்லாம் ஓடி வந்து, "யார் செத்தது? மணியை ஏன் அடிக்கிற?" என்று கேட்டார்கள்.

"யாரும் சாகல" என்று சொல்லிவிட்டு, திரும்பவும் அடித்தார்.