ஜென்டீல் என்ற சொல்லுக்கு என்ன ஆயிற்று?

அனைவருக்கும் வணக்கம். ஆங்கில ஆசிரியர்களும் மாணவர்களும் நிறைந்த அவை இது. இலக்கண வகுப்பு நடக்கப் போகிறதோ என்று யாரும் பயப்பட வேண்டாம். ஒரு சொல்லின் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

பண்பட்டவர் ஒருவரைக் குறிக்க ஆங்கிலத்தில் சொல் தேடினால் கைபேசியில் ஒரு வரிசை வந்து விழும்: ரிஃபைண்ட், பொலைட், ஜென்டீல், அர்பேன், சொஃபிஸ்டிகேட்டட். எதை எடுத்துப் போட்டாலும் சரிதான் என்று தோன்றும். 1852-இல் சொற்களைக் கருத்துவாரியாக அடுக்கி அகராதி வெளியிட்டவர் பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர். ஒத்த சொற்களுக்கு இடையே என்ன வேறுபாடு என்று ஆராய்வது தனி வேலை, அதில் நான் இறங்கவில்லை என்று முன்னுரையிலேயே எழுதிவிட்டார். அதை யார் படிக்கிறார்கள்? பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

அந்தத் தனி வேலையை அவருக்கு அரை நூற்றாண்டு முன்பே ஒரு பெண் செய்திருந்தார். ஹெஸ்டர் பியோட்ஸி. அகராதிக்காரர் சாமுவேல் ஜான்சனின் நெடுநாள் தோழி. கணவர் இறந்தபின், 1784-இல், இத்தாலிய இசைக்கலைஞர் ஒருவரை மணந்தார். லண்டன் சமூகம் முகம் சுளித்தது, ஜான்சனோடு இருந்த நட்பும் முறிந்தது. பத்தாண்டு கழித்து, ஒரே பொருள் தருவதுபோல் தோன்றும் ஆங்கிலச் சொற்களை அன்றாடப் பேச்சில் எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விளக்கி ஒரு நூல் எழுதினார். வெளிநாட்டார் எந்த இடத்தில் தடுக்கி விழுவார்கள் என்பது அவருக்கு வீட்டுக்குள்ளேயே தெரிந்திருக்கும்.

சரி, நம் சொல்லுக்கு வருவோம். "ஆள் ரொம்ப ஜென்டில்" என்று நாம் தமிழிலேயே சொல்கிறோம். அந்த ஜென்டில், நற்குடியில் பிறந்தவர் என்ற பொருளுள்ள பிரெஞ்சுச் சொல்லிலிருந்து 13-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. காலப்போக்கில் மென்மை, சாந்தம் என்று பொருள் மாறியது. 16-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதே பிரெஞ்சுச் சொல்லை மறுபடியும் இறக்குமதி செய்தார்கள், இந்த முறை பிரெஞ்சுக்காரர் போலவே பின்பகுதியை அழுத்தி. அதுதான் ஜென்டீல். அடுத்த நூற்றாண்டில் மூன்றாவது தடவையாக வந்தது ஜான்டி. தொப்பியைச் சாய்த்து வைத்துக்கொண்டு மிடுக்காக நடப்பவனுக்கு இன்று அந்தச் சொல்.

18-ஆம் நூற்றாண்டில் ஜென்டீல் என்றால் கலப்பில்லாத பாராட்டு. நாகரிகமாக நடந்துகொள்வதையே ஒரு கல்வியாக நினைத்த காலம் அது. செஸ்டர்ஃபீல்ட் பிரபு தன் மகனுக்கு நூற்றுக்கணக்கான கடிதங்கள் எழுதி, எப்படி நிற்பது, எப்படி நுழைவது, எப்படிப் பேசுவது என்று கற்பித்தார். சத்தம் போட்டுச் சிரிப்பதைப் போல் அநாகரிகம் வேறில்லை என்பது அவர் கட்சி. தனக்கு அறிவு தெரிந்த நாள் முதல் தன் சிரிப்பை யாரும் கேட்டதில்லை என்றும் பெருமைப்பட்டார்! அவர் இறந்த மறு ஆண்டு, 1774-இல், அந்தக் கடிதங்கள் அச்சேறின. அவை வேசியின் ஒழுக்கத்தையும் நடன வாத்தியாரின் நடையுடையையும் கற்பிக்கின்றன என்றார் ஜான்சன். மெருகு மட்டும் போதுமா என்ற சந்தேகம் அப்போதே எழுந்துவிட்டது.

1813-இல் ஜேன் ஆஸ்டின் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில், பக்கத்து வீட்டு சர் வில்லியமை "எவ்வளவு ஜென்டீல்!" என்று ஒருவர் புகழ்கிறார். சொல் இன்னும் பாராட்டுதான். ஆனால் சொல்பவர் யார்? வாயைத் திறந்தாலே மகள்களைக் கூச்சத்தில் நெளிய வைக்கும் பென்னட் அம்மாள். ஆஸ்டின் வேறு இடங்களில் இச்சொல்லை ஒழுங்காகவே எழுதியவர். இருந்தாலும் அதை யார் வாயில் வைத்தால் சிரிப்பு வரும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

இருபதாண்டு கழித்து டிக்கன்ஸ் வருகிறார். ஷாபி-ஜென்டீல் மனிதர்களைப் பற்றி அவர் ஒரு கட்டுரை எழுதினார். நொடித்துப்போயும் கௌரவத்தை விடாதவர்கள். நைந்த கறுப்புக் கோட்டுக்கு ஒரு சாயத் திரவத்தைப் பூசிப் புதிதுபோல் காட்டிக்கொள்வார்கள். அந்தச் சாயத்தை ஏமாற்றுத் திரவம் என்கிறார் டிக்கன்ஸ். சில நாள் அந்த மனிதர் நிமிர்ந்து நடப்பார். சாயம் வெளுக்க வெளுக்கத் தலையும் தாழ்ந்துகொண்டே வரும், மழை வந்தால் கதை முடிந்தது. டிக்கன்ஸ் அவரைக் கேலி செய்யவில்லை, பரிதாபப்படுகிறார். ஆனால் சொல்லின் மேல் அந்தச் சாயத்தின் கறை படிந்துவிட்டது. பெரிய இடத்து ஆள் போல் காட்டிக்கொள்ள முயல்பவர் என்ற வாடை பிறகு போகவேயில்லை.

ஏன் இப்படி ஆகிறது? என் கணிப்பு இதுதான்: மேல்தட்டினர் தங்களை அடையாளம் காட்ட ஒரு சொல்லை வைத்துக்கொள்கிறார்கள். அடுத்த படியில் இருப்பவர்கள் ஆசையோடு அதை எடுத்துக்கொண்டதும் மேலே இருப்பவர்கள் அதைக் கைவிட்டுச் சிரிக்கிறார்கள். 1954-இல் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்து மொழியியலாளர் ஆலன் ராஸ், பேசும் சொல்லை வைத்தே மேல்தட்டினரை அடையாளம் காண்பது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மறு ஆண்டு நாவலாசிரியை நான்ஸி மிட்ஃபோர்ட் அதை எடுத்து எழுத, இங்கிலாந்து முழுக்க விவாதமானது. அவர்கள் கணக்குப்படி, சாப்பிடும்போது வாய் துடைக்கும் துணியை மேல்தட்டினர் சாதாரணமாக 'நாப்கின்' என்பார்கள்; நாகரிகமாகப் பேச விரும்பும் நடுத்தரத்தார்தான் 'செர்வியட்' என்பார்கள். காது கேட்கவில்லையென்றால் மேல்தட்டினர் 'வாட்?' என்று வெடுக்கெனக் கேட்பார்கள். 'பார்டன்' என்றால் மாட்டிக்கொண்டீர்கள். நம் ஊர் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புகளில் எதைச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். டாய்லெட்டும் அந்தத் தடைப்பட்டியலில் உண்டு. அதற்காக யாரும் வீட்டில் சொல்லை மாற்ற வேண்டாம்!

எதிர்த்திசையில் ஏறிய சொல்லும் உண்டு. சொஃபிஸ்டிகேட்டட் என்றால் முன்பு கலப்படமானது என்று பொருள். ஷேக்ஸ்பியரின் லியர் மன்னர் புயலில், கந்தலோடு நிற்பவனைப் பார்த்து, நாங்கள் மூவரும் சொஃபிஸ்டிகேட்டட், நீதான் அசல் என்கிறார். இன்று ஏவுகணைக்கும் அதே சொல், பாராட்டாக.

கேள்வி நேரத்தில் எப்படியும் கேட்பீர்கள்: மாணவனுக்குப் பரிந்துரைக் கடிதம் எழுதும்போது எதைப் போடுவது? பொலைட், கர்டியஸ் இரண்டும் பத்திரம். அவை ஒருவர் நடந்துகொள்ளும் விதத்தைச் சொல்கின்றன, அந்தஸ்தைத் தொடுவதில்லை. அர்பேன், உலகம் பார்த்துப் பழகிய, எதற்கும் பதறாத பெரியவருக்கு; இருபது வயதுப் பையனுக்குத் தொளதொளவென்று இருக்கும். ரிஃபைண்ட், ரசனைக்குப் பொருந்தும், எண்ணெய் டின்னுக்கும் பொருந்தும். மனிதருக்குப் போட்டால் படிப்பவர் புன்னகைக்கக்கூடும். ஜென்டீல் வேண்டவே வேண்டாம். அதற்கும் மேலே, அந்தப் பையன் யாருக்கு என்ன உதவி செய்தான் என்று ஒரு வரி எழுதிவிட்டால் இந்த ஐந்துமே தேவைப்படாது. இனி நீங்கள் கேட்கலாம்.