வயர்தானே என்று விட்டுவிடாதீர்கள்

நண்பர்களே, 2003 அக்டோபரில் ஜப்பானின் மிடோரி-2 செயற்கைக்கோளில் மின்சாரம் 6 கிலோவாட்டிலிருந்து 1 கிலோவாட்டுக்குச் சரிந்தது. அந்தச் சரிவுக்குச் சில நிமிடங்களே ஆயின. விண்ணுக்குப் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை. பழுது, சூரியத் தகட்டிலிருந்து மின்சாரம் கொண்டுவரும் வயர்க்கட்டில்தான் இருந்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

காற்றே இல்லாத இடத்தில் பொறி எப்படிப் பறக்கும்? மின்வில்லுக்கு, அதாவது இடைவெளியைத் தாண்டி விடாமல் பாயும் மின்பொறிக்கு, காற்று வேண்டியதில்லை. சூடேறிய உலோகமும் வயரின் உறையும் ஆவியாகி, அந்த ஆவியே மின்சாரத்துக்குப் பாதை போட்டுவிடும். வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு தடவையாவது பூஜ்யத்தைத் தொடுவதால், அங்கே வில் அணைய வாய்ப்பு உண்டு. செயற்கைக்கோளில் ஓடுவது நேர்மின்னோட்டம்; அது பூஜ்யத்தைத் தொடுவதே இல்லை. பற்றிக்கொண்டால் லேசில் விடாது.

உறையையும் பாருங்கள். பாலிமைடு என்ற பிளாஸ்டிக்கால் ஆன உறை மெல்லியது, எடை குறைவு, வெப்பம் தாங்கும். அதனால்தான் எல்லாருக்கும் பிடித்துப்போனது. ஆனால் மின்வில் பட்டால் அது உருகி ஓடாமல் கரியாகிறது. கரி மின்சாரத்தைக் கடத்தும். காக்க வேண்டிய உறையே கம்பியாகி, பக்கத்து வயருக்கும் மின்வில்லைக் கொண்டுபோகும்.

சரி, ஃபியூஸ் எதற்கு இருக்கிறது? இங்கேதான் எனக்குப் பெரிய கவலை. சூரியத் தகட்டில் ஷார்ட் சர்க்யூட் ஆனாலும், வழக்கமாக ஓடுவதைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக மின்னோட்டம் வரும். பழுதா, வேலையா என்று ஃபியூஸுக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

மிடோரி-2-இல் வயர்க்கட்டை வெப்பக்காப்புப் போர்வையால் சுற்றியிருந்தார்கள். உள்ளே சூடு தங்கியது. போர்வை செயற்கைக்கோளின் உடலோடு மின்னிணைப்புப் பெறாததால், துருவப் பகுதி எலக்ட்ரான்கள் அதில் மின்னேற்றமாகச் சேர்ந்திருக்கும். இரண்டுமே தரையில் இருக்கும்போதே சரிசெய்திருக்கக் கூடியவை என்பதுதான் மனதை உறுத்துகிறது.

அப்புறம், வயரைப் பதிக்கும் கைகள். 1999 ஜூலையில் கொலம்பியா விண்ணோடம் கிளம்பிய 5 விநாடியில் ஷார்ட் சர்க்யூட் ஆனது. இரண்டு எஞ்சின்களில் தலா ஒரு கட்டுப்பாட்டுக் கருவி செயலிழக்க, இணைக் கருவிகள்தான் காப்பாற்றின. திரும்பி வந்த பிறகு தேடிப் பார்த்தார்கள்: ஒரு திருகின் தலை, அதில் பிசிறு, அதில் உரசி உறை கிழிந்த ஒரு வயர்.