சோபாவும் பெட்ரோல் அட்டையும்

வணக்கம். நீதிமன்றப் பணத்தைக் கையாளும் நாசர் அறையின் இரும்புப் பெட்டியில் பணம் குறைந்தால் என்ன நடக்கும் என்பது இங்கே இருக்கும் பலருக்குத் தெரியும். தற்காலிகப் பணிநீக்கம், துறை விசாரணை, குற்ற வழக்கு. நான் பேச வந்தது அதற்கு மேல்மாடியைப் பற்றி. கணக்குக்கு ஒப்புதல் தரவேண்டிய நீதிபதியே பணத்தைத் தவறாகச் செலவழித்தால் யார் கேட்பது? 2018-ல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் இந்தக் கேள்வி எழுந்தது.

அந்த மாநில உச்ச நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள். நீதித்துறை கேட்கும் நிதியில் சட்டமன்றம் ஒரு காசும் குறைக்கக் கூடாது என்று அப்போது அரசமைப்பிலேயே எழுதியிருந்தது. நீதிமன்றத்தை அரசியல்வாதிகள் பட்டினி போட்டு மிரட்டக் கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. நல்ல எண்ணம்தான். ஆனால் கேட்டதெல்லாம் கிடைத்தால் மிச்சம் சேரும். 2012-ல் அப்படிச் சேர்ந்திருந்த தொகை சுமார் 2 கோடியே 90 லட்சம் டாலர். 2015-ல் அது மூன்றரை லட்சத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. போனதெல்லாம் வீண் என்று சொல்ல மாட்டேன். ஆனால் போன வழிகளில் ஒன்று நீதிபதிகளின் அறைகள்.

2017 இறுதியில் ஒரு தொலைக்காட்சி அந்தச் செலவுச் சீட்டுகளைக் காட்டியது. நீதிபதி ஆலன் லாரியின் அறைக்கு 3 லட்சத்து 63 ஆயிரம் டாலர். அதில் ஒரு சோபா மட்டும் 32 ஆயிரம். ராபின் டேவிஸ் அறைக்கு சுமார் 5 லட்சம். நாடே சிரித்தது. இந்த லாரி, தன் மாநிலத்தின் அரசியல் ஊழலைப் பற்றித் தடித்த புத்தகம் எழுதியவர்!

அந்தச் சோபாவுக்காக ஒருவரும் சிறைக்குப் போகவில்லை. அறையை அலங்கரிக்க உச்சவரம்பு வைத்த விதி எதுவும் இல்லை. இல்லாத விதியை மீறியதாக எப்படிக் குற்றம் சாட்டுவது?

லாரியைச் சிறைக்கு அனுப்பியது, அரசுச் செலவில் எரிபொருள் போடும் பெட்ரோல் அட்டை. சட்டமன்றத் தணிக்கையாளர் வாகனப் பதிவேட்டைப் புரட்டினார். லாரி அரசுக் கார் எடுத்த 212 நாட்களில் 148 நாட்களுக்குப் போன இடம் எதுவென்று எழுதப்படவில்லை. இடம் எழுதாவிட்டாலும் பெட்ரோல் அட்டை தேதியையும் ஊரையும் பதிந்துவிடும். வெளியூர்க் கூட்டத்துக்கு அரசுக் காரில் போய்விட்டு, ஏற்பாட்டாளரிடமும் பயணப்படி வாங்கிய விவகாரமும் சேர்ந்தது. கூட்டரசு, அதாவது அமெரிக்க மத்திய அரசு, தொடுத்த வழக்கில் 2018 அக்டோபரில் 22 குற்றச்சாட்டுகளில் 11 நிரூபணம். பிறகு அதில் ஒன்றை நீதிபதி தள்ளுபடி செய்தார். இரண்டாண்டு சிறை, 10 ஆயிரம் டாலர் அபராதம். திருப்பிக் கட்டச் சொன்ன தொகை 1,273 டாலர்தான். இன்னொரு நீதிபதி மெனிஸ் கெச்சம் பதவி விலகினார்; பிறகு அரசுக் காரிலும் அரசு பெட்ரோலிலும் கோல்ஃப் ஆடப் போனதை ஒப்புக்கொண்டார்.

இன்னும் நுட்பமானது ஓய்வுபெற்ற நீதிபதிகளின் ஊதியம். அவர்களைத் திரும்ப அழைத்து அமர்த்தினால், ஓய்வூதியமும் தினப்படியும் சேர்ந்து பணியிலுள்ள நீதிபதியின் ஆண்டுச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது என்பது சட்டம். வரம்பு நெருங்கியதும் அவரை ஊழியர் பட்டியலிலிருந்து எடுத்து, தனி ஒப்பந்ததாரர் படிவத்தில் ஏற்றினார்கள். ஆள் அவரே, வேலையும் அதே. பணம் மட்டும் வேறு தலைப்பில் போனது. தணிக்கை செய்பவர் ஒரே பெயர் இரண்டு தலைப்பில் வருகிறதா என்று ஒப்பிட்டால்தான் இது சிக்கும்.

2018 ஆகஸ்டில் மாநிலச் சட்டமன்றத்தின் கீழவை, மீதமிருந்த நான்கு நீதிபதிகள்மீதும் 11 பதவிநீக்கக் குற்றச்சாட்டுகளை நிறைவேற்றியது. டேவிஸ் உடனே ஓய்வு பெற்றுக்கொண்டார். நால்வரில் இன்னொருவரான மார்கரெட் வொர்க்மன் அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். யாரிடம்? அதே உச்ச நீதிமன்றத்தில். தற்காலிக நீதிபதிகள் அமர்ந்து விசாரித்தார்கள். அதிகாரப் பிரிவினை மீறப்பட்டது, கீழவை தன் நடைமுறையையே பின்பற்றவில்லை என்று அக்டோபர் 11-ல் தீர்ப்பு வந்தது. மேலவையில் அவர்மீதான விசாரணை நடக்கவே இல்லை. நால்வரில் பெத் வாக்கர் மட்டும் அதற்கு முன்பே மேலவை விசாரணையை எதிர்கொண்டு, பதவி தப்பி, கண்டனம் பெற்றிருந்தார். என் கருத்தில், கீழவை அவசரப்பட்டுத் தன் வழக்கைத் தானே கெடுத்துக்கொண்டது.

அந்த நவம்பரில் மக்கள் வாக்களித்து அரசமைப்பைத் திருத்தினார்கள். இனி சட்டமன்றம் நீதித்துறை நிதியைக் குறைக்கலாம். முந்தைய ஆண்டின் 85 சதவீதத்துக்குக் கீழே போக மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். இதில் எனக்குத் திருப்தி இல்லை. நிதியை வெட்டினால் அடிபடுவது கீழ் நீதிமன்ற எழுத்தரும் வழக்காடியும்தான், சோபா வாங்கியவர் அல்ல.

நம் ஊருக்கு வருவோம். உயர் நீதிமன்ற நிர்வாகச் செலவு மாநிலத் தொகு நிதியிலிருந்து, அதாவது அரசின் பொதுக் கருவூலத்திலிருந்து, நேரடியாகப் போகிறது. சட்டமன்றம் அதை விவாதிக்கலாம், வாக்கெடுத்துக் குறைக்க முடியாது. சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த வீராசாமி வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயங்களைச் சொன்னது: நீதிபதியும் ஊழல் தடுப்புச் சட்டத்தின்கீழ் பொது ஊழியரே, ஆனால் உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்ற நீதிபதிமீது வழக்குப் பதிய இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்தாக வேண்டும். அந்தக் கலந்தாலோசனை வழக்குப் பதிவுக்குத்தான். கார் பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லும் கணக்குத் தணிக்கையாளருக்கு அது தேவையில்லை.