புனித பேட்ரிக் திருநாள் துணிக்கு வடிவம் வரையும் முறை

[திரையில்: வெள்ளைத் தாளில் மூன்று இலைகள் ஒவ்வொன்றாக வரையப்படுகின்றன]

மார்ச் 17 அன்று அயர்லாந்து கொண்டாடும் புனித பேட்ரிக் திருநாளுக்காகத் தோரணமும் மேசை விரிப்பும் சிறு பைகளும் தைப்பவர்கள், அவற்றுக்கான துணியின் வடிவத்தைத் தாமே வரைந்து அச்சிட்டுக்கொள்ளலாம். முதலில் கவனிக்க வேண்டியது இலைகளின் எண்ணிக்கை. இத்திருநாளின் சின்னமான ஷாம்ராக் என்னும் சிறு செடிக்கு மூன்று இலைகள்தாம். தந்தை, மகன், தூய ஆவி என மூவராய் இருக்கும் ஒரே கடவுள் என்ற கிறிஸ்தவக் கருத்தான பரிசுத்த திரித்துவத்தை விளக்குவதற்குப் பேட்ரிக் அதைக் கையிலெடுத்துக் காட்டினார் என்பது மரபுவழிச் செய்தி. நான்கு இலை க்ளோவர் அதிர்ஷ்டத்தின் அடையாளமே தவிர, இத்திருநாளின் சின்னம் அன்று.

யாழ் போன்ற ஹார்ப் அயர்லாந்து அரசின் சின்னம். 1876இல் கின்னஸ் பீர் நிறுவனம் தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்த ஹார்ப் ஒரு பக்கம் பார்க்க, அரசின் ஹார்ப் எதிர்ப்பக்கம் பார்க்கிறது. இரண்டையும் நகலெடுக்காமல் சொந்தக் கோடுகளில் வரைவதே முறை.

[திரையில்: பின்னலின் ஓர் இழை மட்டும் நிறம் மாறி நகர்கிறது]

மிகுந்த பொறுமையைக் கேட்பது, இழைகள் ஒன்றன் மேலும் கீழுமாகப் பின்னிச் செல்லும் கெல்டிக் பின்னல் என்ற பழைய அலங்கார வடிவம். ஏறத்தாழ கி.பி. 800இல் உருவாகி, இன்று டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் பாதுகாக்கப்படும் கெல்ஸ் நூல் என்ற கையெழுத்து நற்செய்திப் பிரதியின் பக்கங்களில் இதன் அழகை முழுமையாகக் காணலாம். ஓர் இழை ஒரு சந்திப்பில் மற்றோர் இழையின் மேலே சென்றால், அடுத்த சந்திப்பில் கீழே செல்ல வேண்டும். துணியில் திரும்பத் திரும்ப அச்சாகும் கட்டத்தின், அதாவது ரிப்பீட்டின், விளிம்பைத் தாண்டும்போதும் இந்த ஒழுங்கு குலையக் கூடாது. ஒரு கட்டத்துக்குள் குறையின்றித் தோன்றும் பின்னல், நான்கு கட்டங்களை அருகருகே வைத்தவுடன் விளிம்பில் இருமுறை தொடர்ந்து மேலே சென்று பிழையைக் காட்டிவிடும் என்பதால், இந்தச் சோதனையை ஒருபோதும் தவிர்க்காதீர்கள். தாளில் வரைபவர்கள், தாளை நான்காக வெட்டி எதிரெதிர் மூலைத் துண்டுகளை இடம் மாற்றி ஒட்டினால், விளிம்புகள் நடுவில் வந்து சேரும். அங்கே விட்டுப்போன இடங்களை நிரப்பி வரைந்தால் போதும்.

[திரையில்: துணியின் மேல் நேராகவும் தலைகீழாகவும் அடுக்கிய முக்கோணங்கள்]

துணி எதற்குப் பயன்படப்போகிறது என்பதைப் பொறுத்தே சின்னங்களின் திசையை முடிவு செய்ய வேண்டும். தோரணத்துக்கான முக்கோணங்களைத் துணி வீணாகாமல் வெட்ட, ஒன்றை நேராகவும் அடுத்ததைத் தலைகீழாகவும் அடுக்குவது வழக்கம். ஒரே திசையில் ஹார்ப் வரைந்த துணியாக இருந்தால், பாதி முக்கோணங்களில் அது கவிழ்ந்து தொங்கும். எனவே தோரணத்துக்கு, எல்லாத் திசைகளிலும் திரும்பியிருக்கும் ஷாம்ராக் இலைகளே ஏற்றவை. ஹார்ப்பை மேசை விரிப்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

நிறத்தில் ஒரே பச்சையை நிரப்பாமல், மூன்று பச்சைச் சாயல்களை வெண்மஞ்சள் பின்னணியில் வையுங்கள். பேட்ரிக்கின் பெயரால் 1783இல் நிறுவப்பட்ட, நைட் பட்டம் பெற்றோரின் குழாம் வானநீலத்தையே தன் நிறமாகக் கொண்டிருந்ததால், சிறிது நீலம் சேர்ப்பதும் பொருத்தமே.

அங்குலத்துக்கு 150 புள்ளிகள் என்ற அடர்த்தியில், 20 செ.மீ. சதுரக் கட்டத்துக்குப் பக்கத்துக்கு ஏறத்தாழ 1,180 பிக்சல் தேவை. அச்சுக்கு அனுப்பும் முன் அதை உண்மையான அளவில் தாளில் அச்சிட்டு, துணி வெட்டுவதற்கான மாதிரித் தாளை அதன்மேல் வைத்து, எந்த இலை தையலுக்குள் மறைகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.