முதலைப் பண்ணையும் ஆற்று மணலும்

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற வனச்சரக அலுவலர் ஐயா அவர்களே, முன்வரிசையில் வெயிலைப் பொறுத்து அமர்ந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவி அம்மையார் அவர்களே, பொன்னாடை போர்த்திய வணிகர் சங்கப் பெருமக்களே, வணக்கம். முதலை வளர்ப்பின் வரலாறு, குஞ்சு பொரிக்கும் முறை, தோல் வணிகம் ஆகிய மூன்றையும் பேசப் பணித்திருக்கிறீர்கள்.

'முதலையும் மூர்க்கனும் கொண்டது விடா' என்பார்கள். அந்த முதலையையே தோலுக்காக விடாமல் வேட்டையாடித் தீர்த்துக்கொண்டிருந்தோம். 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது; 1975இல் நடுவண் அரசு முதலைத் திட்டத்தைத் தொடங்கியது; 1976இல் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் தம்பதியர் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் முதலைப் பண்ணையை நிறுவினார்கள். கரையிலிருந்து முட்டையை எடுத்துப் பொரிக்க வைத்து, குஞ்சை வளர்த்து, மறுபடி ஆற்றிலேயே விடுவதுதான் அரசுத் திட்டத்தின் நோக்கம்.

இளம் வயதில் ஒரு பண்ணைக்கு என் பெரியம்மாவை அழைத்துச் சென்றேன். முட்டை ஒவ்வொன்றின் மேற்புறத்திலும் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தது. நாற்பது ஆண்டு கோழி அடைவைத்த கை சும்மா இருக்குமா? 'புரட்டிவிடவில்லையா தம்பி, கூமுட்டையாகிவிடுமே' என்றபடி ஒரு முட்டையைத் தொடப் போய்விட்டார். பணியாளர் பதறிப்போய், 'வேண்டாம் அம்மா, கோழி முட்டையைப் புரட்டாவிட்டால் கெடும். இதைப் புரட்டினால் உள்ளே கரு செத்துவிடும், கோடு மேலேதான் இருக்க வேண்டும்' என்றார். பெரியம்மா விடவில்லை. 'ஆணா பெண்ணா என்றாவது தெரியுமா?' என்றார். '31 டிகிரிக்குள் வைத்தால் பெண், 32.5 டிகிரி அளவில் வைத்தால் ஆண். எல்லாம் சூட்டைப் பொறுத்தது' என்று பதில் வந்தது. 'இது மட்டும் நம் ஊர் மாமியார்களுக்குத் தெரிந்துவிடக் கூடாது' என்று பேருந்தில் வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார்.

பண்ணைகளில் பொரித்தது பொய்க்கவில்லை. பொரித்தவற்றை விடுவதற்குத்தான் ஆறு கிடைக்கவில்லை. 1990களில் இனப்பெருக்கத்தையே நிறுத்திவைக்கும் நிலை வந்தது. தோல் வணிகத்தைப் பற்றிப் பேச இன்று நேரமில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார்.

நன்னீர் முதலை மாசி, பங்குனியில் கரை மணலைத் தோண்டி முட்டையிட்டு மூடுகிறது. காவிரியிலும் கொள்ளிடத்திலும் நீர் வற்றி லாரி இறங்குவதும் அதே கோடையில்தான். மணல் அள்ளுகிறவர்களும் கொண்டது விடாதவர்களே. முதலைக்காவது வயிறு நிறைந்தால் போதும். ஆகவே மாசி முதல் ஆனி வரை முதலை வாழும் கரைகளில் இயந்திரம் இறங்கக் கூடாது என்று மனு எழுதியிருக்கிறோம். வாசல் மேசையில் இருக்கிறது. தலைவர் ஐயா முதல் கையெழுத்தைப் போட்டுத் தொடங்கிவைக்க வேண்டுகிறேன்.