முழுப் பிழையும் பியாஸ்திரியிலா? (என் ஸ்கூட்டர் கண்ணாடியும் 1,850 ரூபாவும்)

வணக்கம். வழக்கமாக ஃபோர்முலா 1 கார்ப் பந்தயம் முடிந்த கையோடு காணொளி போடும் நான் இம்முறை திங்கட்கிழமை மாலைவரை காத்திருந்தேன். கோபத்தோடு பேசினால் பாதியை வெட்டி எறிய வேண்டிவரும் என்பதைச் சென்ற முறை நன்றாகக் கற்றுக்கொண்டேன். பின்னால் கேட்கும் இரைச்சல் தகரக் கூரையில் விழும் மழை. யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் இப்போது அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

பிரேசிலின் இன்டர்லாகோஸில் நடந்த 2025 பந்தயம் நமக்கு ஞாயிறு இரவு பத்தரைக்குத் தொடங்கியது. சிவப்புப் போத்தலில் தேநீர், மடியில் மிக்சர், வீட்டில் அனைவரும் உறக்கம். நான் ஃபெராரி ஓட்டுநர் லெக்லேரின் பக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். சுவரில் தொங்கும் கொடி நான்கு வருடங்களாக அங்கேதான் இருக்கிறது. ஆறாவது சுற்றில், மீள்தொடக்கத்தின் முதல் வளைவிலேயே, அவருடைய கார் முன்சில்லை இழந்து நின்றது. ஆகவே அந்த மோதலுக்காகத் தண்டிக்கப்பட்ட மக்லாரன் ஓட்டுநர் பியாஸ்திரியை நான் இன்று கிழித்துத் தோரணம் கட்டுவேன் என்று வந்திருப்பவர்கள் ஏமாறப்போகிறீர்கள். எனக்கு எரிச்சல் பியாஸ்திரியிடம் இல்லை, அவருக்குக் கொடுக்கப்பட்ட தீர்ப்பிடம்தான்.

நடந்தது இதுதான். மூன்று கார்கள் அருகருகே முதல் வளைவை நோக்கிச் சென்றன: உட்புறம் பியாஸ்திரி, நடுவில் மேர்சிடிஸின் 19 வயது அன்டொனெல்லி, வெளிப்புறம் லெக்லேர். பியாஸ்திரி பிரேக்கை அழுத்தியபோது சில்லு இறுகி வழுக்கியது. அன்டொனெல்லி உள்ளே திரும்பினார். இருவரும் உரச, அன்டொனெல்லியின் கார் வெளியே தள்ளப்பட்டு, ஒரு பாவமும் அறியாத லெக்லேரை இடித்தது. சொல்ல மறந்துவிட்டேன், முதற்சுற்றில் பிரேசில்காரர் போர்தொலெத்தோ தன் சொந்த ஊரிலேயே சுவரில் மோதியதால்தான், எல்லாரையும் மெதுவாக வரிசையில் நடத்தும் சேப்டி கார் வந்தது. அதனால்தான் மீள்தொடக்கமே வந்தது.

நடுவர்கள் பியாஸ்திரிக்குப் பத்து விநாடித் தண்டனையும் இரண்டு தண்டப் புள்ளிகளும் கொடுத்தார்கள். அவர்கள் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். உட்புறமாக முந்த வருபவரின் முன்சில்லுகளின் அச்சு, வளைவின் உள்முனைக்கு முன்பும் உள்முனையிலும், மற்றவருடைய காரின் பக்கக் கண்ணாடிக்கு நேராகவேனும் வந்திருக்க வேண்டும் என்பது வழிகாட்டல். பியாஸ்திரியின் அச்சு அந்த அளவுக்கு வரவில்லை, ஆகவே மோதலுக்கு அவரே முழுப் பொறுப்பு என்று எழுதிவிட்டார்கள். அந்த ‘முழு’ என்ற சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

ஏனென்றால், ஒரு ஓட்டுநர் முழுமையாகவோ பெரும்பங்காகவோ பிழை செய்தார் என்பது தெளிவாக இருந்தாலன்றித் தண்டனை கிடையாது என்று விதிகளே சொல்கின்றன. நடுவர்களின் கையில் இருப்பது துலாக்கோல். அதை அவர்கள் அடிமட்டமாக்கி, கண்ணாடிக்கும் அச்சுக்கும் இடையிலான தூரத்தை அளந்துவிட்டுக் கோப்பை மூடிவிடுகிறார்கள். உள்ளே ஒரு கார் இருப்பது அன்டொனெல்லிக்குத் தெரியாதா? பியாஸ்திரி அங்கு இல்லாததைப் போலவே அவர் வளைவை எடுத்தார் என்று சொன்னது நான் அல்லேன், பந்தயத்தையே இழந்த லெக்லேர். அடி வாங்கியவரே பிழையைப் பங்கிடும்போது, அறைக்குள் இருந்து திரையைப் பார்ப்பவர்களுக்கு ஏன் அது முடியவில்லை?

கண்ணாடி என்றதும் என் கண்ணாடியின் கதையையும் சொல்லியே ஆக வேண்டும். சென்ற புதன்கிழமை காலை, காங்கேசன்துறை வீதியில், ஒழுங்கையிலிருந்து ஓர் ஓட்டோ மூக்கை நீட்டியது. அதற்கு முன்னால் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஓர் ஐயா திரும்பிப் பார்க்காமல் வலப்பக்கம் ஒதுங்கினார். அவரை முந்திக்கொண்டிருந்த என் ஸ்கூட்டரின் இடக் கண்ணாடி அவருடைய கைபிடியில் பட்டுச் சுக்குநூறானது. யாருக்கும் காயமில்லை. ஓட்டோ அண்ணை தன்னில் ஒரு பிழையும் இல்லை என்றார், ஐயா சாமி மேல் சத்தியம் செய்தார், நான் இருவரையும் குற்றம் சாட்டினேன். கடைசியில் சந்திக் கடைக்கார மாமா வெளியே வந்து, ஓட்டோவில் அரைப்பங்கு, சைக்கிளில் கால்பங்கு, ஹோர்ன் அடிக்காமல் முந்திய என்னில் கால்பங்கு என்று ஒரே மூச்சில் தீர்த்தார். அவரிடம் அடிமட்டம் இருக்கவில்லை.

கண்ணாடியின் விலையைக் கேளுங்கள். முதற்கடையில் 2,400 ரூபா சொன்னார்கள், அதுவும் சோடியாகத்தான் தருவார்களாம். எனக்கு உடைந்தது ஒன்று, நான் எதற்காக இரண்டு வாங்க வேண்டும்? மூன்றாவது கடையில் அரைமணி நேரம் நின்று, இரண்டு தடவை வெளியேறுவதுபோல் நடித்து, ஒற்றைக் கண்ணாடியை 1,850 ரூபாவுக்கு வாங்கினேன். இந்த வருடத்தில் என் தனிப்பெரும் வெற்றி இதுவே. மாமாவின் கணக்குப்படி ஓட்டோ அண்ணைக்கு 925, ஐயாவுக்கும் எனக்கும் தலா 462 ரூபா 50 சதம். ஐம்பது சதத்தை எங்கே தேடுவது என்பது தனிப் பிரச்சினை. ஐயாவிடம் நான் காசு வாங்கவில்லை. அவரோ தேநீர் வாங்கித் தந்தார், மறுக்கவில்லை.

நடுவர்களால் இப்படிப் பங்கிட முடியாது என்று சொல்லாதீர்கள். இதே ஆண்டு சான்ட்வூர்ட்டில் சைன்ஸும் லோசனும் மோதியபோது சைன்ஸுக்குப் பத்து விநாடியும் இரண்டு புள்ளிகளும் விதித்தார்கள். சைன்ஸின் வில்லியம்ஸ் அணி மறுஆய்வு கேட்டது. அன்று கிடைக்காமல் இருந்த கமராக் காட்சிகளைப் பார்த்த பிறகு, இருவரில் எவரும் முழுமையாகவோ பெரும்பங்காகவோ பிழையாளி அல்லர் என்று அதே நடுவர்கள் ஒப்புக்கொண்டு புள்ளிகளை நீக்கினார்கள். ஆனால் பத்து விநாடியை அவர் பந்தயத்திலேயே அனுபவித்து முடித்திருந்தார். போன விநாடியை யார் திருப்பிக் கொடுப்பது?

அந்தத் தண்டப் புள்ளிகளை இரண்டுதானே என்று அலட்சியம் செய்யவும் முடியாது. பன்னிரண்டு மாதங்களில் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பந்தயத் தடை. 2014 இல் தொடங்கிய இந்த முறையில் தடை வாங்கிய முதல் ஆள் மக்னுசன். 2024 இல் மொன்சாவில் காஸ்லியோடு உரசியதற்கு வாங்கிய புள்ளிகளால் அடுத்த பந்தயமான பாக்கூவுக்கு அவரால் போக முடியாமற்போனது. அங்கேயும் இடிபட்ட காஸ்லியே இதற்கா தடை என்று வியந்தார்.

விளைவைப் பார்த்துத் தண்டிப்பதில்லை, செயலைத்தான் பார்க்கிறோம் என்பார்கள் நடுவர்கள். கொள்கை அளவில் எனக்கு அதில் மறுப்பில்லை. 2012 இல் ஸ்பாவின் முதல் வளைவில் க்ரோஷான் ஏற்படுத்திய மோதலுக்கு ஒரு பந்தயத் தடையும் 50,000 யூரோ தண்டமும் விதித்தபோது, சம்பியன் பட்டத்துக்குப் போட்டியிட்டவர்களை அது வெளியேற்றியது என்றும் தீர்ப்பில் எழுதினார்கள். விளைவை எடைபோடும் அந்தப் பழக்கத்தைப் பிறகு விட்டுவிட்டது நல்லதே. ஆனால் தண்டனையின் விளைவு மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறதே! 2021 சில்வர்ஸ்டோனில் வெர்ஸ்டப்பனைப் புவியீர்ப்பின் 51 மடங்கு (51 ஜீ) விசையில் தடுப்பில் மோதவைத்த ஹமில்டன் பத்து விநாடி தண்டனை பெற்றும் வென்றார். பியாஸ்திரிக்கு அதே பத்து விநாடி ஐந்தாம் இடத்தைத் தந்தது. அவருடைய அணித்தோழர் நொரிஸ் வென்றதால், சம்பியன் பட்டப் போட்டியில் இருவருக்கும் இடையே ஒரு புள்ளியாக இருந்த இடைவெளி 24 ஆகிவிட்டது. முதல்நாள் குறும்பந்தயத்தில் பியாஸ்திரி ஈரமான ஓரக்கல்லில் வழுக்கித் தானே சுவரில் மோதியதையும் சேர்த்துத்தான் இந்த 24. அதற்கு நடுவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இன்று காலை ஓட்டோ அண்ணை மீதிக் காசோடு வீட்டுக்கு வந்தார். புதன்கிழமை 500 தந்திருந்தார், மிச்சம் 425. வாசலில் நிறுத்திவைத்து, கைபேசியில் இன்டர்லாகோஸ் காட்சியைக் காட்டினேன். இரண்டு தடவை உன்னிப்பாகப் பார்த்துவிட்டு, “இதிலை என்ன சந்தேகம் தங்கச்சி, முழுப் பிழையும் உள்ளுக்குள்ளை மூக்கை விட்டவனிலைதான்” என்றார். நான் 425 ரூபாவை எண்ணி வாங்கிக்கொண்டு படலையைச் சாத்தினேன்.