கடைசி ஓவரும் ஒரு குயர் நோட்டும்

(கடலூர் மஞ்சக்குப்பத்தில் நடந்த வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இந்த அவைக்குத் தலைமையேற்றிருக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, எத்தனையோ பணிகளுக்கிடையில் நேரம் ஒதுக்கி முன்னிலை வகிக்கும் மாநகராட்சி மன்ற உறுப்பினர் ஐயா அவர்களே, நாற்காலிகளைத் தாமே தூக்கிப் போட்டு இந்தக் கூட்டத்தை நடத்திக்கொண்டிருக்கும் நூலகர் அவர்களே, உடற்கல்வி ஆசிரியப் பெருமக்களே, முன்வரிசைப் பெரியவர்களே, சுவரோரம் நிற்கும் தம்பிகளே, தங்கைகளே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சில்வர் பீச் காற்றை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அந்த அன்புக்கு நன்றி. ஒலிபெருக்கிக்குக் காசு வாங்க மறுத்த அன்பருக்கும், வந்தவர்க்கெல்லாம் சுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருக்கும் தாய்மார்களுக்கும் தனியாக நன்றி சொல்லியாக வேண்டும்.

'கடைசி ஓவரின் படபடப்பு' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று செய்தி சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். படபடப்பு எங்கிருந்து வருகிறது என்பது ஒன்று. அந்த நேரத்தில் கையில் ஒரு பென்சில் இருந்தால் என்ன ஆகும் என்பது இரண்டு. ஐந்து நாள் டெஸ்ட் ஆட்டத்தின் படபடப்பு எப்படித் தனி ரகம் என்பது மூன்று. மூன்றுக்கும் அடியில் ஒரே பழமொழிதான்: ஆற்றில் போட்டாலும் அளந்து போடு. கெடிலத்தையும் தென்பெண்ணையையும் வைத்துக்கொண்டு வாழ்கிற ஊருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

கால்பந்தில் பந்து ஓடிக்கொண்டே இருக்கிறது, கண் அதன் பின்னாலேயே ஓடுகிறது. கிரிக்கெட்டில் பந்து கையிலிருந்து கிளம்பி மட்டையைத் தாண்டச் சில நொடிகூட ஆகாது. அடுத்த பந்துக்கு அரை நிமிடம் ஆகிவிடும். வீச்சாளர் திரும்பி நடப்பார். கேப்டன் ஒரு ஃபீல்டரை எல்லைக் கோட்டுக்கு அனுப்பிவிட்டு மறுபடி உள்ளே கூப்பிடுவார். பேட்ஸ்மேன் கையுறையைக் கழற்றி மாட்டுவார். நகம் கடிபடுவதெல்லாம் அந்த இடைவெளியில்தான்.

அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடக்கும்? உட்கார்ந்தவர் எழுந்திருக்கக் கூடாது. "நீ உள்ள போனதும்தான் சிக்ஸ் போச்சு, அங்கயே நில்லு அத்தே" என்று அத்தையை அடுக்களையிலேயே நிறுத்தி வைப்பார்கள். "இன்னும் எவ்வளவு வேணும்பா?" என்று பாட்டி கேட்டால் நாலு பேர் நாலு கணக்குச் சொல்வார்கள். கைப்பேசியில் பார்க்கிறவர்கள் பாடு இன்னும் மோசம். இணையத்தில் படம் பின்தங்கித்தான் வருகிறது. பக்கத்து வீட்டு டிவியில் "ஓ" என்று கூச்சல் எழுந்த பிறகுதான் உங்கள் கையில் வீச்சாளர் ஓடிவரத் தொடங்குவார். பொத்திப் பொத்தி வைத்த படபடப்பு அங்கேயே களவு போய்விடுகிறது. கடைசி ஐந்து ஓவரையாவது கைப்பேசியை மூடிவிட்டு டிவிக்கு முன்னால் கூடி உட்கார்ந்து பாருங்கள்.

இப்போது பென்சிலுக்கு வருகிறேன். இருபது ஓவர் ஆட்டமென்றால், துரத்துகிற அணியின் 15-ஆவது ஓவர் முடிந்ததிலிருந்து இரண்டே எண்களை எழுதிக்கொண்டு வாருங்கள்: வேண்டிய ரன், மீதமுள்ள பந்து. முதலாவதை இரண்டாவதால் வகுத்துப் பக்கத்தில் எழுதுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு, 2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முதல் நாள், மெல்போர்ன், இருபது ஓவர் உலகக் கோப்பையில் இந்தியா-பாகிஸ்தான் ஆட்டம். பாகிஸ்தான் 159. தொண்ணூறாயிரம் பேருக்கு மேல் கூடியிருந்த மைதானம். மூன்று ஓவர் மீதியிருக்கும்போது இந்தியாவுக்கு 18 பந்தில் 48 ரன், பந்துக்கு 2.67. இரண்டு ஓவர் மீதியிருக்கும்போது 12 பந்தில் 31, பந்துக்கு 2.58. நல்ல நிலைதான். அடுத்த நான்கு பந்தில் மூன்றே ரன். 8 பந்தில் 28 என்று ஆகிறது, அதாவது பந்துக்கு 3.50. எத்தனையோ வீட்டில் டிவியை அணைத்தது இந்த இடத்தில்தான். ஹாரிஸ் ரவுஃபின் அடுத்த இரண்டு பந்தையும் விராட் கோலி சிக்ஸருக்கு அனுப்புகிறார். 6 பந்தில் 16, மறுபடி அதே 2.67. மூன்று ஓவர் மீதியிருந்தபோது எங்கே இருந்தோமோ அதே இடம்! தாளில் எழுதி வைத்தவருக்கு மட்டும்தான் இது தெரியும். மற்றவரெல்லாம் தோற்றுவிட்டோம் என்று தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தக் கடைசி ஓவர் இருக்கிறதே, ஸ்கோர் எழுதக் கற்றுக்கொள்கிறவருக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது. பந்து பந்தாகப் போவோம். ஓவரை எழுதும் கட்டத்தைப் பெரிதாகப் போட்டுக்கொள்ளுங்கள், ஆறு குறி கொள்கிற கட்டம் பத்தாது.

வீச்சாளர் முகமது நவாஸ். முதல் பந்தில் ஹர்திக் பாண்ட்யா கேட்ச் கொடுத்து அவுட். கட்டத்தில் விக்கெட்டுக்கு ஒரு 'வி'. இங்கே ஒரு நுணுக்கம். அந்த அக்டோபர் முதல் தேதியிலிருந்துதான், கேட்ச் பிடிக்குமுன் இருவரும் ஒருவரையொருவர் கடந்திருந்தாலும், புதிதாக வருகிறவரே அடுத்த பந்தை எதிர்கொள்ள வேண்டும் என்று விதி மாறியிருந்தது. ஆகவே கோலி எதிர்முனையில் நிற்க, நம்ம தினேஷ் கார்த்திக் மட்டை பிடிக்கிறார். இரண்டாம் பந்து, ஒரு ரன். மூன்றாம் பந்தில் கோலி இரண்டு. 3 பந்தில் 13.

அடுத்த பந்து இடுப்புயரத்துக்கு வருகிறது, கோலி சிக்ஸ் அடிக்கிறார், நடுவர் நோ-பால் என்று கை நீட்டுகிறார். இங்கேதான் புதியவர் தவறு செய்வார். ஏழு ரன்னையும் கோலி கணக்கில் போட்டுவிடுவார். கோலிக்கு ஆறு, உதிரிக்கு, அதாவது மட்டையிலிருந்து வராத ரன்னுக்கு, ஒன்று, வீச்சாளர் கணக்கில் ஏழு. கட்டத்தில் ஒரு வட்டம் போட்டு உள்ளே 6 என்று எழுத வேண்டும். பந்துக் கணக்கில் இது சேராது. 3 பந்தில் 6. அடுத்தது ஃப்ரீ ஹிட், அதாவது நோ-பாலுக்கு ஈடாகப் பேட்ஸ்மேன் பயமின்றி அடிக்கக் கிடைக்கும் பந்து, ஆனால் அது வைடு. கட்டத்தில் ஒரு கூட்டல் குறி. வைடு போனதால் ஃப்ரீ ஹிட் தீர்ந்துவிடாது, அடுத்த பந்துக்கும் தொடரும். 3 பந்தில் 5.

இப்போது வருகிறது அந்தப் பந்து. கோலி சுழற்றுகிறார், மட்டையில் படவில்லை, பந்து ஸ்டம்பில் பட்டுப் பின்னால் ஓடுகிறது. ஃப்ரீ ஹிட்டில் போல்டு அவுட் இல்லை. அவுட் இல்லையென்றால் பந்து செத்துவிடவில்லை, ஆட்டம் தொடர்கிறது. இருவரும் மூன்று ரன் ஓடிவிட்டார்கள்! பாகிஸ்தான் வீரர்கள் நடுவரைச் சூழ்ந்துகொண்டார்கள். மட்டையிலும் படவில்லை, உடம்பிலும் படவில்லை என்பதால் இது பை. கட்டத்தில் ஒரு முக்கோணம், உள்ளே 3. உடம்பில் பட்டு வந்த ரன், அதாவது லெக்-பை என்றால் முக்கோணத்தைத் தலைகீழாகப் போட வேண்டும். இந்த மூன்று ரன் கோலிக்கும் கிடையாது, நவாஸ் தலையிலும் ஏறாது. 2 பந்தில் 2.

மூன்று ஓடியதால் முனை மாறி கார்த்திக் எதிர்கொள்கிறார், ஸ்டம்பிங். ஒரு பந்து, 2 ரன். உள்ளே வருகிறார் நம்ம அஸ்வின். பந்து காலுக்கு வெளியே போகிறது. இப்படி ஒரு நேரத்தில் யாராக இருந்தாலும் மட்டையை நீட்டியிருப்பார்கள். அவர் நகர்ந்து வழி விடுகிறார். வைடு! ஒரு பந்து, ஒரு ரன். அடுத்ததை மிட்-ஆஃப் தலைக்கு மேல் தூக்கிவிடுகிறார், ஆட்டம் முடிந்தது.

இனிக் கூட்டுங்கள். மட்டையில் வந்தது கார்த்திக் 1, கோலி 8, அஸ்வின் 1, ஆகப் பத்து. உதிரி: நோ-பால் ஒன்று, வைடு இரண்டு, பை மூன்று, ஆக ஆறு. மொத்தம் 16. வீச்சாளர் பக்கமிருந்து கூட்டினால் நவாஸ் கொடுத்தது 13, அதோடு பை 3, அதுவும் 16. வீசிய பந்து ஒன்பது, கணக்கில் ஆறு. இரு பக்கமும் ஒத்துப் போனால்தான் ஸ்கோர் சரி. உதிரியாக வந்த அந்த ஆறு ரன் இல்லாமல் வெற்றி இல்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

(கைத்தட்டல்.) இந்த நேரத்தில் அவைக்கு வருகை தந்திருக்கும் மூத்த மருத்துவர் ஐயா அவர்களை வணங்கி வரவேற்கிறேன். முன்வரிசையில் இடம் இருக்கிறது, தயவுசெய்து இங்கே வந்து அமர வேண்டும். ஐயா அவர்கள் நம் பள்ளிப் பிள்ளைகளின் ஆட்டங்களுக்குக் கூப்பிட்டபோதெல்லாம் முதலுதவிப் பெட்டியோடு வந்து நிற்கிறவர். அந்த நன்றியை இந்த மேடையில் பதிவு செய்யாவிட்டால் அது குறை.

அளக்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2003 உலகக் கோப்பை, மார்ச் 3, டர்பன். போட்டியை முதன்மையாக நடத்திய நாடு தென்னாப்பிரிக்கா. முதலில் ஆடிய இலங்கை 268, தென்னாப்பிரிக்கா துரத்துகிறது. மழை வருகிறது, ஆட்டம் நின்றால் அதுவரை எத்தனை ரன் எடுத்திருக்க வேண்டும் என்று சொல்கிற டக்வொர்த்-லூயிஸ் பட்டியலை எடுக்கிறார்கள். 45-ஆவது ஓவர் முடிவில் 229 என்று அதில் இருக்கிறது. முரளிதரன் வீசிய அந்த ஓவரின் ஐந்தாம் பந்தை மார்க் பௌச்சர் சிக்ஸருக்கு அனுப்பி 229-ஐத் தொட்டார். வேலை முடிந்தது என்று நினைத்து ஆறாம் பந்தைத் தட்டி நிறுத்திவிட்டார். ஆனால் 229 என்பது சமன் செய்கிற எண், வெற்றிக்கு 230 வேண்டும். மழை நிற்கவில்லை, ஆட்டம் டை, தென்னாப்பிரிக்கா போட்டியை விட்டே வெளியேறியது. ஒரு ரன் ஓட இடமில்லாமலா போயிற்று? பட்டியலில் இருக்கும் எண்ணோடு ஒன்றைக் கூட்ட வேண்டும் என்று ஒருவர் சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் போதும்.

2019 உலகக் கோப்பை லார்ட்ஸ் இறுதியாட்டத்தில், ஃபீல்டர் எறிந்து, ஓடிக்கொண்டிருந்த இங்கிலாந்தின் ஸ்டோக்ஸ் மட்டையில் பட்டு எல்லைக்குப் போன பந்துக்கு ஆறு ரன் கொடுத்தார்கள். எறிந்த நொடியில் இருவரும் இரண்டாம் ரன்னில் ஒருவரையொருவர் கடக்கவில்லை, ஐந்துதான் கொடுத்திருக்க வேண்டும் என்று முன்னாள் நடுவர் சைமன் டாஃபெல் பின்னால் சொன்னார். உலகக் கோப்பையே அந்த ஒரு ரன்னில் தொங்கியது.

இதை ஏன் இவ்வளவு நேரம் சொல்கிறேன்? மஞ்சக்குப்பம் மைதானத்திலும் தேவனாம்பட்டினம் மணலிலும் ஞாயிறுதோறும் எத்தனை ஆட்டம் நடக்கிறது! ஸ்கோர் எங்கே இருக்கிறது? மட்டை பிடிக்கக் காத்திருக்கும் பையன் செங்கல் துண்டால் தரையில் கிறுக்கியது, அல்லது யாரோ ஒருவர் மனசில் இருப்பது. கடைசி ஓவரில் "அஞ்சு வேணும்", "இல்லடா ஆறு" என்று தொடங்கி சட்டையைப் பிடிப்பதில் முடிகிறது. கிரிக்கெட் விதிகளில் மூன்றாவது விதியே ஸ்கோரர்களைப் பற்றியது. இரண்டு பேர் இருக்க வேண்டும், இருவரும் அவ்வப்போது ஒத்துப் பார்க்க வேண்டும், நடுவர் காட்டும் ஒவ்வொரு சைகைக்கும் கை தூக்கிப் பதில் காட்ட வேண்டும்.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. லாங் சைஸில் ஒரு குயர் நோட்டு. இடது பக்கம் பதினொரு பேட்ஸ்மேன், கீழே உதிரிக்கு நான்கு வரி. வலது பக்கம் வீச்சாளர், ஆளுக்கு நான்கு கட்டம், ஒவ்வொரு கட்டமும் இரண்டு விரல் அகலம். அடியில் 1 முதல் 200 வரை எண்களை எழுதி, ரன் வர வர அடித்துக்கொண்டே போக வேண்டும். சைகை பார்த்ததும் முதலில் வீச்சாளர் கட்டம், பிறகு பேட்ஸ்மேன் வரி, பிறகு அடியில் உள்ள எண்ணை அடிப்பது. எப்போதும் இதே வரிசை. சிக்ஸ் போனதும் குதித்துவிட்டு வந்து எழுதினால் எங்கே விட்டோம் என்பது மறந்துவிடும். ஓவர் முடிந்ததும் இருவரும் மொத்தத்தைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். வேறுபட்டால் அந்த ஓவருக்குள்ளேயே தேட வேண்டும், அடுத்த ஓவருக்குக் கடத்தக் கூடாது. ரன்-அவுட்டை வீச்சாளர் கணக்கில் எழுதுவதும், வைடை ஒரு பந்தாக எண்ணி ஐந்து பந்திலேயே ஓவரை முடிப்பதும்தான் வழக்கமாக நடக்கும் தவறுகள்.

தலைமையாசிரியர் அம்மா அவர்களிடம் மேடையிலேயே விண்ணப்பம் வைக்கிறேன்: வகுப்புக்கு ஒரு மாணவி, ஒரு மாணவர் என்று இருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டும். நூலகர் அவர்கள் ஞாயிறு பிற்பகலில் வாசிப்பறையை இரண்டு மணி நேரம் தர வேண்டும். உறுப்பினர் ஐயா, போட்டிகளுக்குப் பரிசுக் கோப்பை தருகிற பெருமக்களிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கோப்பையோடு இரண்டு ஸ்கோர் நோட்டும் தரட்டும். நோட்டில்லாத ஆட்டத்துக்குக் கோப்பை இல்லை என்று சொல்லிவிட்டால் ஒரே ஆண்டில் மாவட்டம் முழுக்கப் பரவிவிடும்.

மூன்றாவது செய்தி டெஸ்ட் ஆட்டம். நேரமாகிவிட்டது என்று நூலகர் கடிகாரத்தைக் காட்டுகிறார். 1986 செப்டம்பர் 22, சேப்பாக்கம், வேண்டியது 348, இந்தியா 347-க்கு ஆல் அவுட், ஆஸ்திரேலியாவோடு டை, ஒரு பந்து மீதி. இவ்வளவு மட்டும் சொல்லி வைக்கிறேன். அதற்கு இன்னொரு ஞாயிறு வேண்டும்.

வாசல் மேசையில் கட்டம் போட்ட தாளும் பென்சிலும் இருக்கின்றன. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு இருவர் இருவராக உட்காருங்கள். அத்தை, பாட்டி எல்லோரும்தான். அதே மெல்போர்ன் ஓவரை மறுபடி சொல்கிறேன், இந்த முறை நீங்கள் எழுதுங்கள். ஆறு பந்து, 16 ரன். நவாஸ் ஓடிவருகிறார். முதல் பந்து, ஹர்திக், கேட்ச்.